கைக்கும் காய்க்கும் நடுவே

செஸ் போட்டியில் நடுவராக நிற்பவருக்குப் பலகையில் நடப்பது பாதிதான் தெரியும். நூறு பலகைகள் ஓடும் கூடத்தில் எந்த ஆட்டத்தையும் முதலிலிருந்து கடைசிவரை தொடர முடியாது. ஆனால் ஆடுபவர்களின் முகம் தெரியும், முதுகு தெரியும், மேசைக்கு அடியில் ஆடும் முழங்கால் தெரியும். காயை எடுக்கப் போன கை பாதியில் நிற்பது தெரியும். நிற்காமல் போவதும் தெரியும். எண்பதுகளின் கடைசியிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்குக் கான்சன்ட்ரேஷன் பத்தவில்லை என்று பெற்றோர் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது சென்னைக்குச் செஸ் புதிதல்ல. மானுவல் ஆரோன் 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆகியிருந்தார். சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய டால் செஸ் கிளப்பில் ஒரு தலைமுறையே ஆடிப் பழகியிருந்தது. 1988-ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் கூட்டம் பெருகிவிட்டது. பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம், சங்கக் கட்டடம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மேசை போட்டோம். ஜோடி சேர்க்கக் கம்ப்யூட்டர் கிடையாது. ஆளுக்கொரு அட்டை. சுற்று முடிந்ததும் அட்டைகளை மேசைமேல் பரப்பி, யாருக்கு யார், யாருக்கு வெள்ளை என்று கையாலேயே பார்த்து முடிப்போம்.

அன்றைய கடிகாரம் சாவி கொடுத்து ஓடுவது. இரண்டு முகம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி. கடைசி நிமிடங்களில் பெரிய முள் அந்தக் கொடியை மெல்லத் தூக்கும். அதற்குப் பிறகு ஆடுபவரின் கண் பலகையில் பாதி, கொடியில் பாதி. இரண்டு மணி நேரத்தில் நாற்பது நகர்வு என்பது பெரிய போட்டிகளில் வழக்கமான கணக்கு. அதை எட்டுவதற்குள் கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு.

நேர நெருக்கடியில்தான் தப்பு நடக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடக்கும்தான். ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு, நாற்பத்தொன்றிலும் நாற்பத்திரண்டிலும் நடக்கும் தப்புகள்தான் என்னை யோசிக்க வைத்தன. கொடி விழாமல் தப்பித்தாயிற்று, இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. ஆட்டக்காரர் நாற்காலியில் சாய்வார், சட்டைக் காலரைத் தளர்த்துவார், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் சர்வசாதாரணமாக ஒரு காயை நகர்த்துவார். அதோடு யானை போய்விடும். நெருக்கடியில் இருந்த அரைமணி நேரமும் அந்த மனிதர் ஒரு சிப்பாயைக்கூட விட்டிருக்க மாட்டார். ஆபத்து நீங்கியது என்று உடம்புக்குத் தெரிந்த கணத்தில் விட்டுவிட்டார். இதைப் பல வருடம் பார்த்த பிறகு, நாற்பதாவது நகர்வு முடிந்த மேசைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நடுவர் எதுவும் சொல்லக்கூடாது. ஆனாலும் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து நிற்பேன்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. என்ன ஆடுவது என்று முடிவு செய்ததும் காயைத் தொட மாட்டார்கள். முதலில் ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வை எழுதுவார்கள். எழுதியது எதிராளிக்குத் தெரியாமல் அதன்மேல் பேனாவையோ கைக்கடிகாரத்தையோ வைத்து மறைப்பார்கள். பிறகு தலையைத் தூக்கிப் பலகையை இன்னொரு தடவை, இப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்ப்பார்கள். ராணி சும்மா நிற்கிறதா, அடுத்த நகர்வில் மேட் இருக்கிறதா என்று மட்டும். சரியாக இருந்தால் ஆடுவார்கள். இல்லையென்றால் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி யோசிப்பார்கள். புளூமென்ஃபெல்ட் என்ற ரஷ்ய மாஸ்டர் சொல்லிவைத்த முறை அது. அலெக்சாண்டர் கோட்டவ் தன் புத்தகத்தில் அதை எழுதப்போய் உலகம் முழுக்கப் பரவியது.

2005 ஜூலையில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதியை மாற்றியது. ஆடுவதற்கு முன்னால் நகர்வை எழுதக்கூடாது; டிரா கோரும்போதும் ஆட்டத்தை நிறுத்திவைக்கும்போதும் மட்டும் விலக்கு. எழுதுவதும் அடிப்பதும் திரும்ப எழுதுவதும் ஆட்டத்துக்கு நடுவே குறிப்பு எடுப்பது போலத்தானே என்பது அவர்கள் நியாயம். விதி என்றால் விதி, நாங்களும் அமல்படுத்தினோம். வயதான ஆட்டக்காரர்கள் பலர் திண்டாடினார்கள். கை தானாகப் பேனாவுக்குப் போகும். நான் போய் விதியை நினைவுபடுத்த வேண்டியிருக்கும். அவர்கள் இழந்தது பேனா பிடிக்கும் உரிமையை அல்ல. முடிவெடுப்பதற்கும் ஆடுவதற்கும் நடுவே அந்தப் பேனா போட்டுக்கொடுத்த இடைவெளியை இழந்தார்கள். வலுவான ஆட்டக்காரர்கள் சீக்கிரமே வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆடுவார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். சின்னப் பிள்ளைகளிடம் கோச்சுகள் "கை மேல உட்காரு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டால் காயை எடுக்க முதலில் உடம்பை அசைக்க வேண்டும். அதற்குள் ஒரு யோசனை வந்துவிடும்.

ஸ்கோர் ஷீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் எப்போது ஆட்டத்தில் இருந்தார், எப்போது இல்லை என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பதினைந்து நகர்வு முத்து முத்தாக இருக்கும். பிறகு எழுத்து சாயும். வெள்ளையின் நகர்வைக் கருப்பின் பத்தியில் எழுதியிருப்பார்கள்; ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அந்த இடத்துக்கு நேராக ஆட்டத்தைப் பார்த்தால், அதற்கு ஒன்றிரண்டு நகர்வுக்குள் ஏதோ ஒரு தப்பு இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். சில பிள்ளைகள் நகர்வுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரத்தையும் குறிப்பார்கள். அந்தத் தாளில் இன்னொரு விஷயம் தெரியும். முப்பது, நாற்பது நிமிடம் ஒரே நகர்வுக்கு யோசித்திருந்தால், அதன் முடிவில் ஆடியது பல சமயம் நல்ல நகர்வாக இருக்காது. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக் களைத்துப்போய், கடைசியில் யோசிக்காத ஒன்றை ஆடிவிடுவார்கள். நீளமாக யோசிப்பதும் கவனமாக இருப்பதும் வேறு வேறு.

சத்தத்தைப் பற்றி நிறையப் புகார் வரும். ஒரு கோடை விடுமுறைப் போட்டியை மண்டபத்தின் மாடியில் நடத்தினோம். கீழே கல்யாணம். நாதஸ்வரமும் தவிலும் காலையிலிருந்து ஓயவில்லை. போட்டியே கெட்டுப்போகும் என்று பயந்தோம். ஒரு புகாரும் வரவில்லை. அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் அது காற்றாடிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அதே போட்டியில், கல்யாண வீடு ஓய்ந்த பிறகு, கூடத்தின் மூலையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசியதற்கு ஐந்தாறு கைகள் உயர்ந்தன. ஒரே சீராக ஓடும் சத்தம் மனசைத் தொடுவதில்லை. விட்டு விட்டு வருவதும், அர்த்தம் புரியும் பேச்சும்தான் இழுக்கும். அதுவும் "அவன் தோத்துட்டான்" என்பது போல ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும்.

வேண்டுமென்றே சிதறடிப்பவர்களும் உண்டு. பேனா மூடியைத் திறந்து மூடுவது, வெட்டிய காயை விரலில் உருட்டுவது, மூன்று நகர்வுக்கு ஒரு தடவை டிரா கேட்பது. எதிராளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விதியே இருக்கிறது. நியாயமில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அதில் அடங்கும். ஆனால் நடுவர் வந்து எதிராளியை எச்சரித்த பிறகும் பாதிக்கப்பட்டவர் ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை. அடுத்த பத்து நிமிடம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார், மறுபடி செய்கிறானா என்று. உலகின் முதல் ஆளுக்கே இது நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் மேக்னஸ் கார்ல்சன் தன்னைவிடத் தரவரிசையில் மிகவும் பின்னால் இருந்த கஜகஸ்தான் வீரர் ஒருவரிடம் தோற்றார். எதிராளி கைக்கடிகாரம் கட்டியிருந்ததைக் கண்டதுமே தன்னால் ஆட்டத்தில் கவனம் வைக்க முடியவில்லை என்று பிறகு எழுதினார். எதிராளி ஏமாற்றினார் என்று குற்றம் சாட்டவில்லை; அதைச் சமாளிக்க முடியாதது தன் பொறுப்புதான் என்றும் சேர்த்தே சொன்னார். கடிகாரம் சத்தம்கூடப் போடவில்லை. சந்தேகம் ஒன்று போதுமாக இருந்தது.

செல்போன் வந்தபோது எங்கள் வேலை மாறிப்போனது. 2003-ல் பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிகள் போட்டியில், ஃபிடே உலக சாம்பியனாக இருந்த போனமரியோவின் போன் ஒலித்தது, ஆட்டத்தை இழந்தார். அந்தச் செய்தி எங்களுக்கு நல்ல உதவி. "போனமரியோவுக்கே அந்தக் கதி" என்று எல்லாச் சுற்றுக்கும் முன்னால் சொல்வோம். முதலில் ஒலித்தால்தான் தோல்வி. பிறகு கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று விதி இறுகியது. ஏமாற்றுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. கூடவே ஒரு நல்லதும் நடந்தது. ஆட்டத்துக்கு நடுவே வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வருபவர்கள் குறைந்தார்கள். பேசிவிட்டு வந்தவர் உட்கார்ந்து பலகையைப் பார்த்தாலும், காயை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆகும். அதை நான் எத்தனையோ முகத்தில் பார்த்திருக்கிறேன்.

எழுந்து நடப்பதைப் பலர் கவனக்குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உக்ரைனின் இவான்சுக் பலகையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்து யோசிப்பார். குகேஷ் கண்ணை மூடிக்கொள்வார். காய்கள் மனசுக்குள் இருக்கும்போது கண் எங்கே இருந்தால் என்ன? மூன்று நான்கு மணி நேரம் பலகையை முறைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைதான் சீக்கிரம் தளர்ந்துபோகும். நடப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் தரையைப் பார்த்து நடப்பார், உதடு அசையும், கணக்கு உள்ளே ஓடுகிறது. இன்னொருவர் நண்பனின் பலகை, அண்ணனின் பலகை, முதல் மேசை என்று சுற்றிப் பார்ப்பார். யாருக்கு எத்தனை பாயிண்ட், தனக்கு எந்த இடம் என்ற கணக்கு ஓடுகிறது. இந்த இரண்டாவது ரகத்தார் திரும்பி வந்து உட்காரும்போது ஆட்டத்தின் முடிவு அவர்கள் மனசில் ஏற்கெனவே வந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகளின் போட்டியில் முடிவைக் கொண்டுவந்து மனசில் வைப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். எட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரு பாப்பா ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அப்பா. அவர் சைகை எதுவும் செய்யவில்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. நான் வெளியே போய், "சார், கொஞ்சம் கேன்டீன்ல உட்காருங்களேன்" என்றேன். அவருக்குக் கோபம். போனார். பாப்பா இரண்டு தடவை ஜன்னலைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. இன்று பல போட்டிகளில் பெற்றோர் வளாகத்துக்குள் ஒரு எல்லை தாண்டி வர முடியாது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஏற்பாடு அது.

ஒரே நாளில் இரண்டு சுற்று என்றால் மதியச் சுற்றில் வேறு ஒரு பிரச்சினை. காலையில் தோற்ற பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஆட்டத்தைப் பிரிப்பார்கள். "அந்தக் குதிரையை ஏன்டா அங்க வச்ச?" மதியம் எதிரே புது ஆள் உட்கார்ந்திருப்பான், பிள்ளை காலையில் வைத்த குதிரையோடு ஆடிக்கொண்டிருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருபவர்களின் கதையும் அதேதான். மூன்று மணிக்குக் கண் சொருகும். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு உடம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1984-ல் தொடங்கிய கார்ப்பவ்–காஸ்பரவ் உலகப் பட்டப் போட்டி 48 ஆட்டங்கள் நீண்டு, 1985 பிப்ரவரியில் முடிவு தெரியாமலே நிறுத்தப்பட்டது. அதற்குள் கார்ப்பவ் வெகுவாக இளைத்துப்போயிருந்தார்.

கொரோனாவுக்குப் பிறகு கூடத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் வேறு மாதிரி இருந்தார்கள். வீட்டில் ஒரு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஆட்டம் என்று ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் ஆடியிருந்தார்கள். கண் கூர்மை, வேகம் எல்லாம் கூடியிருந்தது. ஒன்றரை மணி நேரமும் நகர்வுக்கு முப்பது விநாடிக் கூடுதலும் கொடுத்து உட்காரவைத்தால், இருபது நிமிடத்தில் எழுந்து வந்து "முடிஞ்சிருச்சு சார்" என்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டரோடு தயாரித்த நகர்வுகளைக் கடகடவென்று ஆடுவார்கள். எதிராளி மனப்பாடத்துக்கு வெளியே ஒன்று ஆடியதும் அதே வேகத்தில் ஒரு நகர்வு போகும். புது இடம் வந்துவிட்டது என்பதைக் கண் பார்த்தாயிற்று, கை பார்க்கவில்லை.

இது பிள்ளைகளின் வியாதி மட்டும் அல்ல. 2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். ஆனந்த் ஜெயித்தே ஆக வேண்டிய நாள். வெகுநேரம் யோசித்து, கார்ல்சனின் ராஜாவைக் குறிவைத்து அற்புதமாகத் தாக்கினார். கார்ல்சனின் சிப்பாய் ராணியாகிச் செக் கொடுத்தது. ஆனந்த் சட்டென்று குதிரையைக் குறுக்கே வைத்தார். பிஷப்பை வைத்திருந்தால் சண்டை நீடித்திருக்கும். கார்ல்சன் பதில் நகர்வை ஆடியதும் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மறுவருடம் சோச்சி உலகப் பட்டப் போட்டியில், ஆறாவது ஆட்டம். கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். வைத்த உடனே அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழ். அவர் ஒரு நிமிடத்துக்குள், ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த ஓரச் சிப்பாயைத் தள்ளினார். எதிரே இருப்பவர் கார்ல்சன். அவர் இப்படி ஒரு தப்பு செய்வார் என்று மனசு எதிர்பார்க்கவே இல்லை. எதிர்பார்க்காததைக் கண் பார்ப்பதில்லை.

2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகள், நாங்கள் நூற்றுக்கணக்கில் நடுவர்கள். பதினாறு வயது குகேஷ் இந்திய 'பி' அணியின் முதல் பலகையில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாவது சுற்று உஸ்பெகிஸ்தானுடன். அப்துசத்தாரவுக்கு எதிராக ஜெயிக்கும் நிலை. டிராவுக்கு இறங்காமல் வெற்றிக்கு ஆடினார், நேரம் குறைந்தது, ஒரே நகர்வில் எல்லாம் போயிற்று. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, இந்திய 'பி' அணிக்கு வெண்கலம். 2024 ஏப்ரலில் டொரன்டோவில் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியிலும் ஏழாவது சுற்றில் நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தனக்கு உள்ளுக்குள் தெளிவு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். போட்டியை வென்றார். பிறகு 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த பேடி அப்டனை மனப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் டிங் லிரெனோடு உலகப் பட்டப் போட்டி, பதினான்காவது ஆட்டம். இருவருக்கும் ஆறரைப் புள்ளி. பலகையில் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிராதான், மறுநாள் டைபிரேக் என்று எல்லாரும் முடிவு செய்தாயிற்று. 55-வது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அது தப்பு என்பது குகேஷுக்கும் உடனே தெரியவில்லை. யானையை வேறிடத்துக்கு நகர்த்தப்போனதாகவும், அதற்கப்புறம்தான் டிங்கின் பிஷப் மாட்டிக்கொண்டதைக் கவனித்ததாகவும் பிறகு அவரே சொன்னார். சோச்சியில் ஆனந்துக்கு வந்த அதே தருணம். எதிராளியின் எதிர்பாராத தப்பு, தன்னிடம் தயாராக இருந்த நகர்வு. இங்கே கை நின்றது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

ஆனந்தைவிட இவர் கவனமானவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனந்த் ஐந்து உலகப் பட்டங்களை வென்ற மனிதர். அவர் கை நின்ற தருணங்களை யாரும் எழுதிவைக்கவில்லை. கவனம் எல்லாருக்கும் போகும். போகும் நேரங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: நெருக்கடி தீர்ந்ததும், எதிராளி தப்பு செய்ததும், முடிவு தெரிந்துவிட்டது என்று தோன்றியதும்.

அதனால் இப்போதெல்லாம் பெற்றோர் வந்து, "பையனை மூணு மணி நேரம் உட்கார வைக்கிறதுக்கு என்ன சார் பண்ணலாம்?" என்று கேட்டால் முதலில் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். நேரத்தையும் பக்கத்தில் குறிக்கச் சொல்வேன். "கவனமா ஆடு" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம் என்பேன். அதைக் கேட்கும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. அதற்குப் பதில், கை காய்க்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி: எதிரே இருப்பவன் ஏன் அதை ஆடினான்? அதற்கு ஐந்து விநாடி போதும். மூன்று மணி நேரம் முழுக்கக் கவனித்துக்கொண்டே இரு என்றால் பெரியவர்களாலும் முடியாது. ஐம்பது நகர்வு ஆடும் ஆட்டத்தில் நகர்வுக்கு ஐந்து விநாடி கையை அடக்கு என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் முடியும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் நாலு நிமிடத்துச் சொச்சம்தான்.